முட்டுக்காரிக்கு நாவூறு கழித்த கதை

என் மகளுக்கு ஆறு வயது. ஆஸ்துமா என்கிற முட்டு வருத்தம் அவளுக்கு, பதற்றம் எனக்கு. இரண்டில் எது கூடின வருத்தம் என்று என் மனைவி ஒருநாள் பிள்ளைகள் டொக்டரிடம் கேட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிள்ளையின் முதுகில் குழாயை வைத்தார்.

அவர் தந்த தாள் ஒன்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பச்சை என்றால் விளையாடலாம், மஞ்சள் என்றால் நீலப் பம்பால் மருந்து இழுக்கவேண்டும், சிவப்பு என்றால் அம்புலன்ஸ். பிள்ளைக்கு விளங்கின தாள். எனக்கு அவள் தும்மினாலே மஞ்சளாகத் தெரியும். கம்பளத்தை எறிந்தேன். தூசிப்பூச்சி சாகட்டும் என்று அவளுடைய கரடிப் பொம்மையைப் பையில் கட்டி, ஃப்ரீசரில் விளைமீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதுவரை டொக்டர் சொன்னதுதான். பிறகு நடந்ததெல்லாம் என் சொந்த மூளை.

கிண்டர்கார்டனில் மாதம் ஒருநாள் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போவார்கள். மழையோ பனியோ, இந்தச் சுவிஸ் நாட்டில் அதற்கு விலக்கில்லை. நான் மூன்று முறை மறித்துவிட்டேன். குளிர், ஈரம், பூந்தூள் என்று மூன்று கடிதம். அந்த நாட்களில் அவள் பக்கத்து வகுப்பில் இருந்து மரம் கீறினாள். மூன்றாவது படத்தில் மரத்தடியில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் நின்றார்கள்.

"நீ எங்கையம்மா?" என்று கேட்டேன்.

"நான் கீறிக்கொண்டு இருக்கிறன்."

அதற்குப் பிறகு மறிக்க மனம் வரவில்லை. ஐந்து கிழமையாக இருமலும் இல்லை. டொக்டரும் "ஓடட்டும்" என்றார். நாலாந்தரம் அனுப்புவதாக ஒத்துக்கொண்டேன்.

காட்டுக்குப் போவதற்கு முதல்நாள் பின்னேரம், பேர்ணுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் கட்டிடத்துப் படிக்கட்டில், கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மா மகளின் கன்னத்தைத் தட்டி, "இந்தப் பிள்ளை இப்போது இருமுவதே இல்லை, எவ்வளவு வேகமாகப் படியேறுகிறது" என்றார். நல்ல மனுசி. ஆனால் ஐந்து கிழமையாக நாங்களே வாயால் சொல்லப் பயந்த வார்த்தையை அவர் சத்தமாகச் சொல்லிவிட்டார். ஊரில் இதைத்தான் நாவூறு என்பார்கள், நாக்கால் படுகிற திருஷ்டி.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கலியாண வீடுகளில் ரோல்ஸ் கடித்துக்கொண்டே மூடநம்பிக்கை பற்றி மற்றவர்களை அறுத்தவன் நான். ஆனால் நம்பிக்கை இல்லாதவன் செய்தாலும் பலிக்கும் என்று அந்த நேரத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் பின்னேர வேலை. தடுக்க ஆளில்லை.

மூன்று செத்தல் மிளகாய், ஒரு பிடி உப்பு. எது கிழக்கு என்று போனில் பார்த்து, பிள்ளையை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தி, தலையைச் சுற்றி மூன்று தரம்.

"துப்பு."

"துப்பக்கூடாது எண்டு டீச்சர் சொன்னவ."

"இது வேறை துப்பு, குஞ்சு."

துப்பினாள். ஊரில் என்றால் அடுப்பு நெருப்பில் போடலாம். என்னிடம் இருந்தது மின்சார அடுப்பு. பழைய தாச்சியை வைத்து, சூட்டை ஒன்பது வரை முறுக்கி, அதில் கொட்டினேன். யன்னல் எல்லாம் பூட்டியிருந்தது. குளிர்காற்று பிள்ளைக்குக் கூடாது என்று பூட்டினவனும் நான்தான்.

சாத்திரம் என்னவென்றால், நாவூறு இருந்தால் மிளகாய் எவ்வளவு எரிந்தாலும் நெடி வராது. நெடி வந்தால் நாவூறு இல்லை. கீழ்வீட்டு அம்மா குற்றமற்றவர் என்பது அரை நிமிடத்தில் நிரூபணமாயிற்று. என் கண்ணாலும் மூக்காலும் ஓடியது. எனக்குப் பின்னால் மகள் இருமத் தொடங்கினாள்.

முதலில் இருமல். பிறகு அந்த விசில், நெஞ்சுக்குள் கதவிடுக்கால் காற்றடிக்கிற மாதிரி. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. அவளைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடிக் கதவைச் சாத்தி யன்னலை அகலத் திறந்தேன். பம்பைத் தேடினேன். மேசையைக் கவிழ்த்தேன், தலையணையை எறிந்தேன்.

"அப்பா... உங்கடை பொக்கற்றிலை."

எடுத்துப் பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி அவள் முகத்தில் வைத்தேன். கையால் தள்ளினாள்.

"குலுக்கேல்லை."

குலுக்கினேன். "போதும்" என்று அவள் சொல்லுமட்டும் குலுக்கினேன். குழாயின் முனையில் இருந்த முகமூடியை அவளே பிடித்துக்கொண்டாள். நான் பம்பை அமத்த, அவள் விரல் மடித்து மூச்சை எண்ணினாள்.

தாளில் உள்ளபடி கொடுத்துவிட்டு டொக்டரின் இடத்துக்குப் போன் அடித்தேன். ஒரு தாதி எடுத்தார்.

"எதனால் தொடங்கியது?"

"மிளகாய்ப் புகை."

"சமையல் கருகிவிட்டதா?"

"இல்லை, வேண்டுமென்றே எரித்தேன்."

"ஏன்?"

"பிள்ளை சுகமாக இருந்தபடியால்."

மறுபக்கத்தில் எழுதுகிற சத்தம் நின்றது. பிறகு, போனைப் பிள்ளைக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

"மூச்சு மோசமாகக் கேட்கிறதே."

"அது நான்."

"நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்."

தள்ளி நின்றேன். அவர்கள் இருவரும் பேர்ண் ஜெர்மனில் கதைத்தார்கள். விசில் மெல்ல மெல்ல அடங்கியது. மகள் வசனத்தை மூச்செடுக்காமல் முடிக்கத் தொடங்கினாள். போனைத் திருப்பித் தரும்போது அவள் கேட்டது ஒன்றுதான்.

"நாளைக்குக் காட்டுக்குப் போகலாமோ?"

மூன்று தரம் மறித்தது வருத்தத்துக்குப் பயந்து. நாலாந்தரம் அந்த வருத்தத்தை நானே அடுப்பில் வைத்துச் சமைத்துக் கொடுத்திருக்கிறேன். போனுக்குள் இருந்து தாதிதான் பதில் சொன்னார். இருமாமல் நித்திரை கொண்டு, காலையில் பச்சை என்றால் போகலாம். இல்லாவிட்டால் டொக்டரிடம் கொண்டுவர வேண்டும்.

வேலை முடிந்து வந்த மனைவி, "கீழ்ப்படியிலையே மணக்குது, என்ன வறுத்தனீங்கள்?" என்றாள். சொன்னேன். சப்பாத்தைக் கழற்றாமல் மகளிடம் போய் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு ஆகாத சாமான் எல்லாம் எறிஞ்சாச்சு. ஒண்டுதான் மிச்சம்."

"என்னது?"

"அது குப்பைப் பைக்குள்ளை அடங்காது. எண்பது கிலோ."

மகள் அன்று இரவு முழுக்க இருமவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். விடிய நான் எழும்பி வர, மழைக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றாள். விரல் பச்சையில். நான் அவளுடைய விலாவைப் பார்த்தேன், முதுகில் காது வைத்தேன், படி ஏறி இறங்க விட்டேன். பச்சைதான். வெளியில் தூறல்.

"கடிதம் எழுதினா கையை முறிப்பன்," என்றாள் மனைவி.

காட்டோரத்தில் ஆசிரியையிடம் பம்ப் பையைக் கொடுத்து, நேற்றுக் கொஞ்சம் முட்டு வந்தது என்று சொல்லி, விளக்கத் தொடங்கினேன். மகள் இடையில் புகுந்து செய்து காட்டினாள். குலுக்கவேண்டும் என்ற இடத்தில் என்னை ஒருதரம் பார்த்தாள்.

"இன்று நெருப்பு மூட்டி சொசேஜ் சுடுகிறோம்," என்றார் ஆசிரியை. "அவளைப் புகை படாத பக்கத்தில், நன்றாகத் தள்ளி இருத்துகிறேன். சரியா?"

இரண்டு நாளுக்கு முதல் என்றால் நாலாவது கடிதத்தை ஒரு மரத்தில் வைத்தே எழுதியிருப்பேன். மகள் என்னை அண்ணாந்து பார்த்தாள். மிளகாய் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் திறக்கக்கூடியவள்.

"சரி," என்றேன்.

மத்தியானம் கூட்டிவரப் போனேன். பையைத் திறக்கவே இல்லை என்றார் ஆசிரியை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் ஓடைக்குள் விழுந்த ஒரு பொடியனைப் பற்றியே கதைத்தாள். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

"மூச்சு எப்பிடி இருந்தது, குஞ்சு?"

ஒரு குட்டையைத் தாண்டிக் குதித்தாள்.

"நான் பாக்கேல்லையப்பா," என்றாள்.

வாசலில் குந்தி அவளுடைய சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே பாதிக் காடு இருந்தது.