ஈரல் வாட்டில் ஆடு, மாடு, ஒட்டகம்

"ஆடு... மாடு... ஒட்டகம்..."

இருட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல்தான் முதலில் வரும். ஆளும் கட்டிலும் யன்னலும் தெரிவது அதற்குப் பிறகு. ஈரல் சுருங்கிய நோயாளிகளின் வாட்டில் இரவு வேலை என்பது, ஒவ்வொரு ஆளின் புத்தியும் இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்க்கிற தொழில். அடுத்தவரின் மூச்சைக் கேட்டபடி விடியும்வரை கதிரையில் இருந்தவர்கள் இதை வாசித்தால், சொல்லப் போவது உங்களுக்குப் புதினம் இல்லை. நாமெல்லாம் ஒரே உறக்கமில்லா வருத்தக்காரர்.

நான் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஈரலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், டொக்டர் மேசையில் விட்டுப் போகும் கட்டுரைகளை அகராதி வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தது.

மீன் சேருமா?

கொழும்பிலிருந்து ஒரு பெண் டொக்டர் கடல்நீர் புகுந்த களப்பின் கரையிலுள்ள எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆராய்ச்சி செய்ய வந்தார். ஈரல் கெட்டால் உடம்பு கழிக்க வேண்டிய நஞ்சு இரத்தத்தில் ஏறி மூளையை மங்க வைக்கும். அது ஒரேயடியாக வராது, சின்னச் சின்ன அடையாளமாக வரும். டொக்டர்மார் இல்லாத இரவு நேரத்தில், சாதாரண சிற்றூழியன் ஒருவன் அந்த அடையாளத்தை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. அந்தச் சாதாரண ஆள் நான்.

வேலை இதுதான். எட்டாம் இலக்கத்திலிருந்து பதினைந்துவரை உள்ள எட்டுக் கட்டிலுக்கும் மருந்துச் சிரப்பை அளந்து கொடுத்து, குடித்து முடிப்பதைப் பார்க்க வேண்டும். படுக்கப் போகுமுன் குரக்கன் கஞ்சி கொடுக்க வேண்டும். கெட்ட ஈரலால் இரவுக்குச் சத்தைச் சேர்த்து வைக்க முடியாது, வெறும் வயிற்றோடு விட்டால் உடம்பு தன் தசையையே தின்னத் தொடங்கும். பிறகு சோதனை: இரண்டு கையையும் நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்பது, கொப்பியில் கையெழுத்து வாங்குவது, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகத்தின் பெயர் சொல்கிறார் என்று எண்ணுவது. பத்துக்குக் கீழே போனால் டொக்டருக்கு அறிவிக்க வேண்டும்.

பத்தாம் கட்டில் விக்டர், கற்பிட்டிப் பக்கத்து மீன்பிடிகாரன். ஈரலைக் குடித்தே முடித்தவன், அதைத் தானே சிரித்துக்கொண்டு சொல்லுவான். முதல் சோதனையில் பாரை, சுறா, சூடை, திருக்கை என்று மூச்சுவிடாமல் அடுக்கினான். நான் பேனையோடு டொக்டரைப் பார்த்தேன். டொக்டர் கொஞ்சம் யோசித்து, காலுள்ளதாகச் சொன்னால் நல்லது என்றார். விக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"டொக்டர், காலில்லாட்டி அதுக்கு உயிர் இல்லையா?"

பகலில் உறங்கும் வாட்டு

இந்த நோய் பகலையும் இரவையும் இடம் மாற்றிவிடும். நடுப்பகலில் வந்து பார்க்கிற சொந்தக்காரர், எட்டுப் பேரும் வாய் திறந்து உறங்குவதைக் கண்டு பயந்து போவார்கள். இரவில் வந்தால் இன்னும் பயப்படுவார்கள். எட்டுப் பேரும் கட்டிலில் எழும்பி, ஒரு கதையும் இல்லாமல், யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். களப்புக்கு அப்பால் நுரைச்சோலை மின்நிலையப் புகைக்கூண்டின் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரியும். அது எரியும்போது பதினாறு கண்ணும் தெரியும்.

பதினோராம் கட்டில் சலாஹுதீன் நானா. தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து, கரைத்தீவில் குடியேறி, உப்பளத்தில் வேலை செய்த மனிதர். ஒட்டகத்தை வாழ்நாளில் கண்டதில்லை, ஆனால் மிருகம் கேட்டால் ஆடு, மாட்டுக்கு அடுத்தது அவருக்கு ஒட்டகம்தான். ஒரு இரவு நான் வாட்டின் நடுவில் சும்மா நடந்துகொண்டிருந்தேன். வேலை எல்லாம் முடிந்திருந்தது, எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்:

"செபஸ்தி, எங்களுக்கு ஈரல் கெட்டு உறக்கம் இல்ல. உனக்கு என்ன கெட்டிரிக்கு?"

வாய் மணம்

முற்றிய ஈரல் நோய்க்கு ஒரு மணம் உண்டு. அழுகத் தொடங்கிய பழமும் பூட்டிக் கிடந்த அறையும் சேர்ந்தாற்போல, மூச்சில் இனித்துக்கொண்டு வரும். நானாவைக் கண்ணால் காணுமுன் அந்த மணம் வந்துவிடும். அவர் ஒரு துளி குடித்தவர் இல்லை. சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் ஈரலில் ஏறிய கொழுப்பும் செய்த வேலை அது. ஆனால் ஈரல் கெட்டது என்றாலே ஊருக்கு ஒரு காரணம்தான் தெரியும்.

அவருடைய மகள் சிபானாவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் வொலிகாரர் தகப்பன்தான், ஆனால் அவருக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். நானாவின் தம்பி, "குடிச்சுப் புத்தி கெட்டவர் வொலியா நிக்க ஏலாது, நான் நிக்கிறன்" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். நானாவுக்கு இனி வேண்டியது ஒன்றுதான்: அந்த ஒரு நாள், புத்தியோடு, தன் வாயால் மகளைக் கொடுக்க வேண்டும்.

அவருடைய மனைவி வாட்டு வாசலில் நின்று எனக்குச் சொன்னார்:

"வெத்திலகூடப் போடாத மனிசன் தம்பி. இப்ப ஸலாம் சொல்ல வாறவனெல்லாம் கிட்ட வந்து வாய மணந்து பாக்கிறான்."

வள்ளம்

கையெழுத்துத்தான் முதலில் வழுக்கியது. கொப்பியில் 'சலாஹுதீன்' என்ற எழுத்துகள் ஒவ்வொரு இரவும் கோட்டைவிட்டுக் கொஞ்சம் கீழே இறங்கின, படிக்கட்டில் இறங்கும் ஆட்கள் மாதிரி. மிருகம் பதின்மூன்றிலிருந்து பதினொன்றுக்கு வந்தது. பத்துக்குக் கீழே போகவில்லைதானே என்று இருந்துவிட்டேன்.

நிக்காஹ்வுக்குப் பத்து நாள் இருந்த ஒரு இரவு, பதினோராம் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. நானா யன்னலோடு நின்றார். கையை நீட்டச் சொன்னேன். இரண்டு கையும், காயம்பட்ட பறவை எழும்பப் பார்ப்பதுபோல, மணிக்கட்டில் விழுந்து விழுந்து எழும்பின. மிருகம் சொல்லச் சொன்னேன். "ஆடு" என்றார். "ஆடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சத்தம் போடாதீங்க, வள்ளம் வெளிக்கிட்டிட்டு. உம்மாவ நடுவுல இருத்துங்க" என்றார்.

மற்ற ஏழு பேரும் எழும்பி அவரைப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் கட்டில் கட்டிலாக விரல் நீட்டித் தன்னையும் சேர்த்து எண்ணினார், திருப்பியும் எண்ணினார். கடைசியில் விரல் என்னிடம் வந்து நின்றது.

"ஏறக்குள்ள எட்டுப் பேர். இப்ப ஒம்பது இரிக்கு. அந்தக் கடைசில நிக்கிற ஆள் ஆரு?"

எறும்பு

டொக்டருக்கு டெலிபோன் அடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சிரப் ஒழுங்கா குடிச்சாரா?" அந்தச் சிரப்தான் குடலைக் கழுவி நஞ்சை வெளியேற்றுவது. இனிப்பானது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் வெளிக்குப் போக வைக்கும், அப்படிப் போனால்தான் மூளை தெளியும். "ஓம் டொக்டர், எல்லா இரவும் குடிச்சார்" என்றேன். கொப்பியில் எல்லா இரவுக்கும் என் சரி அடையாளம் இருந்தது.

நேர்ஸ் மிஸ் வந்து எனிமா கொடுத்து அவரைப் படுக்க வைத்தபின், தரையைத் துடைக்க டோர்ச்சோடு குனிந்தேன். சுவரில் ஒரு கறுப்புக் கோடு. அது மூச்சுவிட்டது. பதினோராம் கட்டிலின் தலைமாட்டில் ஏறி, யன்னல் விளிம்பைக் கடந்து, வெளி இருட்டுக்குள் இறங்கியது. எறும்பு. சாகப் போகிறவரின் கட்டிலைத் தேடி எறும்பு வரும் என்று பழைய சிற்றூழியர்மார் சொல்லுவார்கள். டோர்ச்சை யன்னலுக்கு வெளியே பிடித்தேன். விளிம்பிலிருந்து கீழே சுவர்வரை பளபளவென்று காய்ந்து ஒட்டியிருந்தது சிரப். ஒரு இரவுச் சிரப் இல்லை.

கோப்பையைக் கொடுக்கும்போதெல்லாம் நானா, "வை தம்பி, துஆ ஓதிட்டுக் குடிக்கிறன்" என்பார். ஓதுகிற மனிதருக்கு முன்னால் காவல் நிற்பது மரியாதை இல்லை என்று நான் அடுத்த கட்டிலுக்குப் போவேன். திரும்பி வரும்போது கோப்பை வெறுமையாக இருக்கும். சரி போடுவேன். இப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து விக்டர் மெல்லச் சொன்னான்:

"ரெண்டு கிழமையா ஊத்துறார். நீ எப்ப பாக்கப் போறாய் எண்டுதான் நான் பாத்துக்கொண்டு கிடந்தன்."

ஒரு கோடு

விடிந்ததும் கொப்பியை டொக்டரிடம் நீட்டினேன். என் சரிகளை மை தடவி அழித்துவிட்டுப் புதிதாக எழுதட்டுமா என்று கேட்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சிங்களம் கலந்த தமிழில் ஆறுதலாகச் சொன்னார்:

"அழிக்க வேணாம் செபஸ்தியன். பிழைக்கு மேல ஒரே ஒரு கோடு போடுங்க, கீழ இருக்கிறது வாசிக்க ஏலுமா இருக்கணும், பக்கத்துல உங்கட பேர எழுதுங்க."

தண்ணி

மூன்றாம் நாள் நானாவுக்கு நினைவு திரும்பியது. ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். சிரப் குடித்தால் வயிறு இளகுகிறது. தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி வுழு செய்து வந்து நின்றால், பாதியில் கக்கூசுக்கு ஓட வேண்டியிருக்கிறது. வுழு முறிந்துவிடுகிறது. திரும்பச் செய்தால் திரும்ப முறிகிறது. "மகளுக்கு நிக்காஹ் வருது. இந்த நேரத்துல அல்லாஹ்வுக்கு முன்னால சுத்தமில்லாம நிக்கச் சொல்றியா?" என்றார். புத்தியைக் காப்பாற்றும் மருந்தை, புத்தி கலங்காமல் இருக்க வேண்டிக் கேட்கும் தொழுகைக்காக ஊற்றியிருக்கிறார். நான் மாதா கோயில் வேதக்காரன், என் வாயால் சொன்னால் எடுபடாது என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

சிபானா ஒரு பிளாஸ்டிக் வாளியும் கோப்பையும் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தாள்.

"முறிஞ்சா திருப்பிச் செய்யுங்க வாப்பா, நூறு தரம் எண்டாலும் தண்ணி நான் ஊத்துறன். உங்கட புத்தி முறிஞ்சா ஊத்த என்னட்ட ஒண்டுமில்ல."

கலியாண வீடு

அன்றிலிருந்து அவர் விழுங்கி முடிக்கும்வரை நான் நகரவில்லை. அவர் துஆவை என் முன்னாலேயே ஓதிவிட்டுக் குடித்தார். கையெழுத்து ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. நிக்காஹ் அன்று டொக்டர் அரைநாள் அனுமதி கொடுத்து, சிரப் போத்தலோடு என்னையும் கூட அனுப்பினார்.

கரைத்தீவில் வீடு நிறைய ஆட்கள். பதிவுப் புத்தகத்தை விரித்ததும் நானாவின் தம்பி எழும்பினார். "வொலிகாரர் சரியான புத்தியோட இரிக்கார் எண்டு ஆர் சொல்றது?" எல்லாரும் நானாவைப் பார்த்தார்கள். நானா என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. இது டொக்டரின் சோதனை, ஒரு நிமிடத்தில் பத்து மிருகம் சொன்னால் புத்தி சரி என்று கூட்டத்துக்குச் சொல்லி, மணிக்கூட்டைக் கையில் எடுத்தேன்.

"ஆடு" என்றார். "மாடு. ஒட்டகம்." வெற்றிலைத் தட்டு எடுத்தவன் அப்படியே நின்றான். "குதிர. கழுத. யான." அந்த வாட்டுக் குரல் பகல் வெளிச்சத்தில், பன்னீர் வாசத்துக்கு நடுவில் கேட்டது. நரி, முயல், குரங்கு என்று இன்னும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பதின்மூன்றில் நின்றார். நிமிடம் முடியப் போகிறது. என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். "எறும்பு" என்றார்.

பதினான்கு. தம்பி உட்கார்ந்துவிட்டார். நானா மகளைத் தன் வாயால், ஒரு சொல்லும் தட்டாமல் கொடுத்தார். பதிவுகாரர் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார்:

"எத்தனையோ நிக்காஹ் எழுதிட்டன், இவ்வளவு சாட்சி வச்ச வொலிகாரர நான் காணயில்ல. அவருக்குப் பேனையக் குடுங்க."

பத்தாம் கட்டில்

ஈரல் திரும்பி வளரவில்லை. மழைக்காலத்தில் நானா வீட்டில், மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி உயிர் விட்டு மௌத்தானார். பதினோராம் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை.

நேற்று இரவு வாட்டுக்குள் நுழையும்போது அந்தச் சத்தம் கேட்டது. "ஆடு... மாடு... ஒட்டகம்..." அதே ஒழுங்கு, அதே இடத்தில் அதே மூச்சு. சிவப்பு விளக்கு எரிந்ததும் பதினோராம் கட்டில் வெறுமையாகத் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் விக்டர், கண்ணை மூடிக்கொண்டு, விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். மீன் ஒன்றும் இல்லை. பாடமாக்கினால் சோதனை பொய்யாகிவிடும் என்று அதட்டினேன். அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"சோதனைக்கு இல்ல செபஸ்தி. அந்தாள் விட்டிட்டுப் போன புத்தி, அதுல ஏறி நானும் கரைக்கு வரலாமோ எண்டு பாக்கிறன்."

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது, மனிதர் என்ன ஓதினாலும் கோப்பை வெறுமையாகும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான். யன்னல் விளிம்பை ஈரத்துணியால் ஒருதரம் துடைத்துவிட்டு, எட்டாம் கட்டிலிலிருந்து சிரப்பை அளக்கத் தொடங்கினேன்.