ஒருத்தருக்குக் கேக் சுட முடியாது

தோசை என்றால் ஒருத்தருக்கு நாலு ஊற்றித் தின்றுவிட்டுப் படுத்துவிடலாம். கேக்கை அப்படிச் சுட முடியாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் தொல்லை. மாவு, முட்டை, வெண்ணெய், சர்க்கரை என்று எவ்வளவு குறைத்துப் போட்டாலும் ஏழெட்டுப் பேருக்கு வந்து நிற்கும். வீட்டில் இருப்பதோ ஒருத்தன்.

அந்த ஒருத்தன் நான், சவரிமுத்து. ரங்கூனில் ஒரு துரை வீட்டு அடுப்படியில் ரொட்டியும் கேக்கும் சுடக் கற்றுக்கொண்டேன். என் மனைவி ஆரோக்கியம் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். அவளை அந்த மண்ணில் வைத்துவிட்டுக் கப்பலேறிக் காரைக்குடிக்கு வந்து, ஒரு சந்தில் வீடு பிடித்து, மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அடுப்புச் செய்தேன். டின்னுக்குள் மணல், அடியில் கங்கு, மேல் மூடியிலும் கங்கு. வாசனை தெருமுனை வரைக்கும் போகும்.

அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ருசி தெரிந்த சிலர் வந்து சேர்ந்தார்கள். முட்டையும் வெண்ணெயும் அவர்கள் கொண்டுவருவார்கள். நான் சுட்டுப் பங்கு போட்டுக் கொடுப்பேன். ஆனால் ஒருத்தர்கூட என் வீட்டில் உட்கார்ந்து தின்றதில்லை. வாசலிலேயே வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு போய்விடுவார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஊர் வழக்கம் எனக்கும் தெரியும். இருந்தாலும், நான் சுட்டதை யாராவது ஒருத்தர் என் வீட்டில், என் கண்முன்னால் உட்கார்ந்து தின்னமாட்டார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அடுப்படியில் வெந்து சாகிற யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

முட்டை சேராதவர்

பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் தேங்காய்க் கடை வைத்திருந்த ஒருவர் சுத்த சைவம். காரைக்குடிக்கு வரும்போதெல்லாம் என் வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போவார். “முட்டை இல்லாமச் சுட முடியாதா?” என்று அவர் கேட்டதும், முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தயிரை ஊற்றிப் பிசைந்தேன். கேக் உப்பவே இல்லை, அடுப்பில் வைத்த உயரத்திலேயே கடைசிவரை இருந்தது. என்றாலும் நிறம் நன்றாக ஏறியிருந்தது.

ஆளை வரச் சொன்னால் முடிந்துகொண்டு போய்விடுவாரே என்று நானே வண்டி பிடித்துக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தேன். கடித்தார். பல்லை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு கேக்கைக் கல்லில் தட்டிப் பார்த்துவிட்டு, என் மனம் நோகக் கூடாது என்று ரொம்பப் பதமாகச் சொன்னார்:

“மணமெல்லாம் சரியாத்தேன் இருக்கு. இங்கனயே வச்சுட்டுப் போங்க, தேங்கா ஒடைக்க ஆகும்.”

கையில் பன்

பன் உப்ப வேண்டுமென்றால் மாவில் கொஞ்சம் கள் விட்டுப் பிசைந்து வைக்க வேண்டும். இது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களிடம் சொல்லாமல் இருப்பது நல்லது. கள்ளுக்கடை மறியல் நடந்த சமயம், கதர்ச் சட்டை போட்ட ஒரு தம்பி கடை வாசலில் என் முன்னால் கைகூப்பி நின்றுவிட்டார். “அண்ணே, குடி குடும்பத்தக் கெடுக்கும்” என்றார். கெடுவதற்கு எனக்குக் குடும்பம் இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, பன்னுக்காக வாங்குகிறேன் என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குடிகாரன் சொல்கிற சாக்குகளில் இது புதுசு என்று ஒருத்தர் மெச்சினார். நான் விடவில்லை. வீட்டுக்கு ஓடி முதல்நாள் சுட்ட பன்னைக் கொண்டுவந்து தம்பியிடம் நீட்டினேன். பிட்டு, மோந்து, வாயில் போட்டார். நின்றபடிதான் தின்றார், அதுவும் கள்ளுக்கடை வாசலில். ஆனாலும் என் கண்முன்னால் தின்றார் என்று நான் பாட்டுக்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். மிச்சத்தையும் மென்று முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

“நான் நம்புறேண்ணே. ஊரு நம்பணுமுல்ல? இனிமே கள்ளுக்கு வந்தா ஒரு கையில பன்னோட வாங்க.”

கண்டனூர்க் கல்யாணம்

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு மலாயாவிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் கேக் வேண்டும் என்றார்கள். டின்னைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்பாடா, என்ன கூட்டம்! முன்கட்டிலிருந்து பின்கட்டு வரை வீட்டின் நாலு கட்டுகளிலும் ஆள். திரும்பினால் யார் முதுகிலாவது இடிக்கும். என்னை அண்ணே என்றும் மாமா என்றும் யார் யாரோ கூப்பிட்டார்கள். என் பேரைக் கேட்க ஒருத்தருக்கும் நேரமில்லை. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

டின்னை மறந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் எடுக்கப் போனால் அத்தனை பெரிய வீடும் பூட்டிக் கிடக்கிறது. மாவிலைத் தோரணம் காய்ந்து சுருண்டிருந்தது. காவல்காரர் சின்னையா சைடு கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நான் இருமியது நாலு கட்டும் சுற்றி எனக்கே திரும்பி வந்தது. வேறொரு டின்னில் சுட்டுக் கொண்டுபோயிருந்த கேக்கை அவரிடம் நீட்டி, உட்கார்ந்து தின்னுங்களேன் என்றேன். பிள்ளைகளுக்கு ஆகும் என்று அவரும் துண்டில் முடிந்தார். இனி எப்போது வீடு திறக்கும் என்று கேட்டேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அடுத்த கல்யாணத்துக்கு உண்டான பொண்ணு இப்பத்தேன் தொட்டில்ல கெடக்கு.”

தூணுக்குப் பின்னால்

அடுத்த தெருவில் மீனாட்சி ஆச்சி. அவர் கணவர் சாத்தப்பன் ரங்கூனில் வட்டிக்கடையில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர்ப்பக்கம் வருவார். ஒருநாள் ஆச்சி வேலைக்காரப் பெண்ணை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். பின்வாசலில் போய் நின்றேன்.

“நீங்க ரங்கூன்ல இருந்தீகளாமே. அங்க எல்லாரும் காலையில என்ன சாப்புடுவாக?”

“கடையில சோறாக்க நம்ம ஆளு இருக்கும் ஆச்சி. ஆனாக் காலையில டீயும் வெண்ணெ ரொட்டியும் திங்காதவுக அங்க இல்ல.”

“அதச் சுட்டுக் கொண்டாங்க. யாருக்கும் தெரிய வேணாம். ஊருக்கு வந்தா அவுகளுக்கும் தெரிய வேணாம்.”

மறுநாள் கொண்டுபோனேன். தட்டை வாங்கிக்கொண்டு ஆச்சி தூணுக்குப் பின்னால் போய்விட்டார். எனக்குத் தெரிந்தது சேலை முந்தானையின் ஓரம் மட்டும்தான். மெல்லுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. தட்டை வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் கேட்டார்:

“உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. இதத் தின்னுக்கிட்டா அவுக அங்க கெடக்காக?”

கதவைச் சாத்தி

அந்த வருஷமே சாத்தப்பன் வந்தார். கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமுமாக வீட்டில் தடபுடல் என்று ஊரே பேசியது. ஒருநாள் பிற்பகல் என் சந்துக்குள் வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். “மொதல்ல கதவச் சாத்துங்க” என்றார். சாத்தினேன். கவிழ்த்துப் போட்டிருந்த டின்மேல் அவர் பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டார்.

“அங்க இருக்கையில பணியாரத்துக்கு ஏங்குறேன். இங்க வந்தா இந்தப் பாழாப்போன வாசத்துக்கு மனசு அலையுது” என்றார். கேக்கை வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் தின்றவர் நிறுத்திவிட்டு, “ஒங்களுக்கு எங்க? நான் மட்டும் எப்படித் திங்கிறது?” என்றார். என்னிடம் இருந்ததே ஒரு தட்டுதான். அடுப்பு மூடியைத் துடைத்து அதில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். ஆரோக்கியம் போனபிறகு நான் சுட்டது எனக்கு ருசித்தது அன்றைக்குத்தான். கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

கிளம்பும்போது, ஆச்சிக்கும் ரெண்டு துண்டு கொண்டுபோங்க என்று நீட்டினேன். இருவரும் ஒரே தட்டில் தின்னலாமே என்ற நப்பாசை எனக்கு. தூணுக்குப் பின்னால் நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று தவித்தேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று ஆச்சி கேட்டிருந்தார், சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்:

“அவளுக்கு இதெல்லாம் ஆகாதுங்க. வாடைய மோந்தாலே மூஞ்சியச் சுளிப்பா.”

சாத்தப்பன் மறுபடி கப்பலேறிய மறுவாரம், ரொட்டி வேண்டும் என்று ஆச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தது. சுட்டுக் கொண்டுபோய்ப் பின்வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். சந்தையில் இன்னொரு தட்டும் வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அடுப்பு மூட்டுகிற நாளெல்லாம் வாசல் கதவை விரியத் திறந்தே வைக்கிறேன். சாத்தச் சொல்வதற்காவது ஒருத்தர் உள்ளே வர வேண்டுமே.