கோட்டில் உட்காராத புள்ளி

முதுகலை வேதியியலின் கடைசிப் பருவத்தில் எனக்கு ஒரே ஒரு புள்ளி குறைந்தது. ஆய்வு எளிதானதுதான். இரண்டு கரைசல்களைக் கலந்தால் மெல்ல வெளுத்துக் கலங்கும். குடுவைக்கு அடியில் பேனாவால் போட்ட குறி மறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். சூட்டில் சீக்கிரம் மறையும், குளிரில் இழுத்தடிக்கும். வேகத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழ் மதிப்புக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வரும். அதன் சாய்விலிருந்து கிளர்வு ஆற்றலைக் கணக்கிடலாம்.

கல்லூரி இருந்த பாலக்காட்டில் சூட்டுக்கா பஞ்சம்? சூடான புள்ளிகளெல்லாம் சமர்த்தாக வந்தன. குளிருக்கு ஐஸ் போட்டால் வெப்பநிலை ஓரிடத்தில் நிற்கவில்லை.

"உங்க ஊர்ல இல்லாத குளிரா? அங்க போய் எடுத்துட்டு வா. அந்தப் புள்ளி இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் பேராசிரியை. கையெழுத்து இல்லையென்றால் அந்த வருடம் பட்டம் இல்லை.

குடுவைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு, பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் போனேன். விடியற்காலையில் வாசலில் இருந்த தண்ணீர் வாளியில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன்; அருமையான குளிர். வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, கரைசல்கள் குளிரட்டும் என்று குடுவைகளை வாளியில் இறக்கிவிட்டு, உள்ளே போய்ப் பால் விடாத கட்டன்சாயா குடித்தேன். திரும்பி வந்து கலந்தால், குறி மளமளவென்று மறைந்தது. புள்ளி கோட்டை விட்டு எங்கோ மேலே போய் உட்கார்ந்தது. மறுநாளும் அதே கதை. வெப்பமானியைத் திட்டினேன், கரைசலைத் திட்டினேன், வேதியியலைத் தேர்ந்தெடுத்த என் புத்தியையும் விடவில்லை.

மூன்றாம் நாள் சாயா தம்ளரோடு வாசலிலேயே நின்றேன். கொழுந்து பறிக்கக் கிளம்பிய அம்மா, போகிற போக்கில் ஒரு செம்பு வெந்நீரை வாளியில் ஊற்றினாள்.

"ஐயோ, என்னம்மா செய்யுதே?"

"ஏன் கத்துத? பச்சத்தண்ணியில கைய விட்டா வெறச்சுப் போவும்லா?"

எங்கள் லயத்தில் அது வழக்கம். யார் வாசலில் குளிர்ந்த வாளி இருந்தாலும், அடுப்பில் வெந்நீர் வைத்திருப்பவர்கள் ஒரு செம்பு ஊற்றிவிட்டுப் போவார்கள். சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நான் வளர்ந்ததே அந்த வெந்நீரில்தான். எனக்கே தோன்றவில்லை பாருங்கள்.

புதுத் தண்ணீர் பிடித்து வைத்தேன். அம்மா வேலைக்குப் போகாமல், செம்பைக் கையில் பிடித்தபடி முறைத்துக்கொண்டு நின்றாள். இம்முறை குறி நிதானமாக மறைந்தது, புள்ளி கோட்டில் கச்சிதமாக விழுந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. என் இரண்டு கைகளையும் பிடித்திழுத்துத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள். "ஏசப்பா, ஐஸ்கட்டியால்லா இருக்கு! இதுக்கா படிக்கப் போன?" அந்த வசவு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பேராசிரியை கையெழுத்துப் போட்டார். தப்பிப்போன இரண்டு புள்ளிகளையும் வரைபடத்திலிருந்து அழிக்க எனக்கு மனம் வரவில்லை. வட்டமிட்டு அப்படியே விட்டிருந்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவற்றின் மேல் விரல் வைத்தார்.

"இது ரெண்டும் என்ன?"

"எங்கம்மா சார்" என்றேன்.