புளியமரத்தடியில் ஒரு குறுக்குக் கட்டை

ஐம்பதுகளின் கடைசியில், பழனி மலை அடிவாரத்து மீட்டர் கேஜ் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் உதவி மாஸ்டராக இருந்தேன். வண்டிகள் குறைவு. மிச்ச நேரமெல்லாம் அந்த ஸ்டேஷனையே ஆராய்ந்துகொண்டிருந்தேன். கட்டடம் ஏன் ஊருக்கு முதுகைக் காட்டிப் பழனி ரோட்டைப் பார்த்து நிற்கிறது? இத்தனூண்டு ஸ்டேஷனுக்கு எதற்கு அவ்வளவு பெரிய கிணறு? விசாரித்தேன். பாதை போட்ட கூலியாட்கள் அங்கே தங்கினார்களாம். கிணறு முதலில் வந்தது, கட்டடம் பிறகு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து வீடுகளெல்லாம் அதற்கப்புறம் முளைத்தவை.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. பிளாட்பாரத்தின் கோடியில், கிணற்றுக்குப் பக்கத்தில், புளியமரத்தடியில் இரண்டு கல்தூண்கள். அவற்றின் மேல் தோள் உயரத்தில் குறுக்காக ஒரு தேக்குக் கட்டை. மேல்மலையிலிருந்து பூண்டு மூட்டை சுமந்து இறங்கும் பொதிகுதிரைகளைக் கட்டுவதற்கு என்று நானாக முடிவுகட்டினேன். கட்டையின் மேல்பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கயிறு உரசிய தடம் எங்குமில்லை. அதைப் பார்த்தேன். என் கண்டுபிடிப்புக்கு ஒத்துவராததால் பார்க்காதவன்போல் விட்டுவிட்டேன்.

மூட்டைகள் லாரியில் வரத் தொடங்கியிருந்தன. பெரிய மாஸ்டர் லீவில் போயிருந்த மார்கழியில், யாரையும் கேட்காமல் கட்டையைக் கழற்றி, அதையே டிக்கெட் ஜன்னலருகே பெஞ்சாகப் போடச் செய்தேன்.

தைப்பூசத்துக்கு ரோடு முழுக்கக் காவடிகள். கூட்டமெல்லாம் போனபின் ஓர் ஆள் தனியாகக் காவடியோடு நொண்டி நொண்டிப் புளியமரத்தடிக்கு வந்தார். பாதத்தில் சுற்றிய துணி ரத்தத்தில் ஊறி அவிழ்ந்து இழுபட்டது. வெறும் தூண்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

“கட்டை எங்கங்க? வருசா வருசம் காவடிய இதுமேலதான இறக்குவோம். நம்ம ஆளுக இங்கன காத்துக் கெடப்பாகன்னுல்ல வந்தேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காவடியைத் தரையில் வைக்கக் கூடாது. இறக்க இடமில்லாததால் காத்திருக்க முடியாமல் இவருடைய கூட்டம் இவரை விட்டுப் போய்விட்டது. பெஞ்சைக் காட்டினேன்.

“நாலு பேரு உக்காருற எடத்துலயா?”

“அப்ப என்கிட்டக் குடுங்க சாமி. நான் புடிச்சுக்கிறேன்.”

“நீங்க விரதமா?”

காலையில்தான் முட்டை தின்றிருந்தேன். இல்லை என்றேன்.

“பரவால்லீங்க. தண்ணி மட்டும் ஊத்துங்க.”

ஊற்றினேன். தூணில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றபடியே குடித்தார். குனிந்து காலைக் கட்டிக்கொள்ள அவரால் முடியாது. நான் உட்கார்ந்து புண்ணைக் கழுவி, என் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டேன். காவடியோடு நொண்டிக்கொண்டே ரோட்டில் இறங்கினார். பழனி இன்னும் ஒரு பகல் நடை.

அடுத்த பூசத்துக்கு முன்னால் தூண்களின் மேல் புதுக் கட்டை வைத்தேன். அவருடைய கூட்டம் வந்து காவடிகளை இறக்கியது. அதில் அவர் இல்லை. ஸ்டேஷனில் ஒரு கல் விடாமல் விசாரித்தவன் நான். அவர் ஏன் வரவில்லை என்று மட்டும் அவர்களிடம் கேட்கவில்லை. கிணற்றில் தண்ணீர் சேந்திக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.