அக்கா அளந்த நூற்றுப்பத்து அடி

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. உறவினரில் பலருக்குத் தெரியாத ஒன்றை இந்த நினைவு மலரில் எழுதப்போகிறேன். வெறும் புகழ்ச்சியாக எழுதினால் அக்காவுக்கே பிடிக்காது.

அக்கா பிறந்தது மயிலாப்பூரில். அப்பா காலமானபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. உடற்கல்விப் பயிற்சி முடித்து, கோபாலபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார். வந்த வரன்களை எல்லாம், "இவன் முதல்ல தலையெடுக்கட்டும்" என்று தள்ளிப்போட்டார். நான் தலையெடுப்பதற்குள் வரன்கள் நின்றுபோயின. மாதா கோயில் ஞாயிறு பூசைக்குக்கூட எங்கள் சந்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித்தான் அழைத்துப்போவார்.

நீளம் தாண்டுதல் என்றால் அக்காவுக்கு உயிர். ஓடத் தொடங்கும் இடத்தை டேப் பிடித்து அளக்கமாட்டார். தாண்டும் பலகையிலிருந்து வெறுங்காலில், விரலோடு குதிகால் ஒட்ட, அடியடியாக நடந்து கோடு போடுவார். எந்தப் பெண்ணுக்கு எத்தனை அடி என்பது அவருக்கு மனப்பாடம். பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மல்லிகாவுக்கு நூற்றுப்பத்து.

மல்லிகாவின் அம்மா ராயப்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்றார். மாவட்டப் போட்டியில் ஜெயித்தால் மல்லிகாவுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும். இல்லையென்றால் படிப்பு அதோடு சரி. அந்தப் போட்டிக்கு, நான் வாங்கித்தந்த கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு அக்கா போனார். கல் குத்தும் என்று வற்புறுத்தியவன் நான்தான். பஸ் தாமதமானதால் ஒத்திகை ஓட்டத்துக்கு நேரமில்லை. அவசரத்தில் ஷூவோடே நூற்றுப்பத்து அடி அளந்துவிட்டார். அடிக்கு ஒரு விரல் அகலம் கூடியதில், கோடு ஓட்டத்தில் ஒரு முழு எட்டுத் தூரம் பின்னால் போய்விட்டது. பலகை எட்டாமல் மல்லிகா கடைசி எட்டை இழுத்துப் போட்டாள். பின்தொடைத் தசை கிழிந்து மணலில் விழுந்தாள்.

"பொண்ணு பயந்துட்டா" என்றார்கள் எல்லாரும். மல்லிகாவும் அதையே நம்பி அழுதாளாம்.

வீட்டில் ஷூவைக் கழற்றிய அக்கா, அதைத் தன் பாதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஷூ ஒரு விரல் அகலம் நீண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் நான் சொன்னேன்: "விடுக்கா. யாருக்குத் தெரியப்போவுது? சொன்னா உன் வேலைக்குத்தான் ஆபத்து."

"அவளுக்குத் தெரியணும்டா. பயந்து கெடுத்துக்கிட்டோம்னு ஆயுசு பூரா நெனச்சிக்கினு இருப்பா."

மறுநாள் தலைமையாசிரியைக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து நேரே மல்லிகாவின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"இன்னா டீச்சர், உன்னை நம்பித்தானே வுட்டேன்! படிப்பும் போச்சு, பொண்ணு நொண்டிக்கினு கீது. இப்ப வந்து தப்பு என்னுதுன்றியே!" என்று அந்த அம்மா தெருவே கேட்கும்படி கத்தினார். அக்கா தலைகுனிந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

பள்ளியில் ஓராண்டு பயிற்சிப் பொறுப்பைப் பறித்தார்கள். மல்லிகாவுக்குக் கல்லூரி இடம் கிடைக்கவே இல்லை. அதற்கு அக்காவிடம் பரிகாரம் இல்லை. பொறுப்பு திரும்ப வந்தபின், ஒவ்வொரு பெண்ணையும் அவளவள் காலாலேயே அளக்கவைத்தார்.

நுரையீரல் நோயோடு கடைசி மூன்று மாதம் போராடினார். அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர், செவிலியர், வீடு தேடி வந்து ஜெபித்த பங்குத்தந்தை, நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

அடக்கத்தன்று மல்லிகாவும் வந்திருந்தார். இப்போது தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். என்னிடம் சொன்னார்: "மழை வந்தா இன்னும் வலி கீதுண்ணா. ஆனா டீச்சரு வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான் பயந்துட்டேன்னு நெனச்சதே இல்ல. அதான் அவங்களே சொல்லிட்டாங்களே."

இந்த மலரின் முதல் பிரதியை அவருக்குத்தான் தருகிறேன். அன்று சொல்லாதே என்று அக்காவைத் தடுத்தவன் நான். அதை மல்லிகா இதில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.