பன்னிரண்டாவது கேள்வி

எங்கள் சினிமா வார இதழில் வரும் பேட்டிகளில் ஒன்றைக்கூட நம்பாத ஒரே ஆள், அவற்றை டைப் அடிக்கும் டேப் அக்காதான். டேப் காலம் எப்போதோ மலையேறிவிட்டது. இப்போது எல்லாமே போனில் பதிவாகி வருகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நிருபர்கள் நடிகர்களையும் இயக்குநர்களையும் பார்த்துவிட்டு வந்து பதிவைக் கொடுப்பார்கள். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி அடித்துக் கொடுப்பார். பக்கத்து மேஜை என்னுடையது. பக்கம் வடிவமைப்பது என் வேலை. அதாவது, நடிகர் சொன்ன பொய்யை எவ்வளவு பெரிய எழுத்தில் போடலாம் என்று தீர்மானிக்கிற வேலை.

பத்தொன்பது வருஷத்தில் 'கதையைக் கேட்டதுமே ஓகே சொல்லிட்டேன்' என்ற வாக்கியத்தை அக்கா இருநூறு முறையாவது அடித்திருப்பார். 'செட்ல எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி இருந்தோம்' என்று ஒரு கதாநாயகி சொன்னால், ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பி, "பெரிய சண்டை போல" என்பார். மூன்றாவது வாரம் அந்தச் சண்டை எங்கள் இதழிலேயே செய்தியாக வரும். பக்கத்தில் உட்கார்ந்து மேனேஜர் பதில் எடுத்துக் கொடுப்பதும், எழுதி வைத்ததை நடிகர் பார்த்துப் படிப்பதும் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். விமர்சகர் ஒரு படத்துக்கு மூன்றரை நட்சத்திரம் போட்டால், மூன்றைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த அரையை யார் கேட்டு வாங்கினார்கள் என்றுதான் விசாரிப்பார்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒருநாள் வண்டியில் வந்துகொண்டிருக்கிறேன் என்று போனில் சொன்னவரிடம், பின்னால் ஃபேன் சத்தம் கேட்கிறதே, வண்டியில் ஏது ஃபேன் என்று மடக்கியிருக்கிறார். பாவம் மனுஷன், மறுவாரமே வேனில் சின்னதாக ஒரு ஃபேன் மாட்டிக்கொண்டார். அதையும் வீடியோ காலில் பார்த்த பிறகுதான் அக்கா ஒத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் குறுக்கு சார். எங்கள் மூத்த நிருபர். குறுக்குக் கேள்வி கேட்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. இது என் சொந்த வாழ்க்கையில் நடந்த கதை என்று ஒரு இயக்குநர் உருகினால், எந்த வருஷம், அப்போது நீங்கள் எந்த வகுப்பு என்று கேட்டு உருக்கத்தை உறைய வைத்துவிடுவார். புதிதாகச் சேரும் நிருபர்கள் ஏதாவது வதந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் இரண்டே கேள்விதான். நேரில் பார்த்தாயா? இல்லை என்றால் யார் சொன்னது? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அது செய்தி இல்லை, எடுத்துவிடு. அக்காவுக்கு அந்தக் கறார் ரொம்பப் பிடிக்கும். இந்த ஆபீஸில் முதுகெலும்புள்ள ஒரே மனுஷன் என்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த நம்பிக்கையிலும் கறையான் பிடித்தது. குறுக்கு சாரின் பதிவுகளில் குறுக்குக் கேள்வியே இல்லை. கையில் ஒரு காகிதம், அதில் வரிசையாகக் கேள்விகள். ஒன்றைப் படிப்பார், பதில் வரும், அடுத்ததைப் படிப்பார். ஒரு தயாரிப்பாளர் பச்சையாகப் புளுகுகிறார். இவர் 'ரொம்ப நல்லது சார்' என்று அடுத்த கேள்விக்குத் தாவுகிறார். முன்பெல்லாம் பதிவை ஒரு முறை தானே கேட்டுவிட்டுத்தான் அக்காவிடம் கொடுப்பார். இப்போது போனை நீட்டி, அப்படியே அடித்துக் கொடுத்துவிடுங்கள் என்று போய்விடுகிறார். அந்தக் கேள்வித்தாள் தயாரிப்பாளர் ஆபீஸிலிருந்தே வருகிறது என்று அக்கா முடிவு கட்டினார்.

பிறகு ஒரு பதிவில் பணக் கவர் ஒன்று வந்தது. ஒரு நடிகரின் மேனேஜர், 'சார், கவரை டேபிள்ல வச்சிருக்கேன்' என்கிறார். பழைய குறுக்கு சாராக இருந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசியிருப்பார். இந்தப் பதிவில் அவர் மூச்சே விடவில்லை. அக்கா அந்த இடத்தை என்னையும் கேட்க வைத்தார். எனக்கும் கோபம் வந்தது. ஆளாளுக்கு ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு மேஜைக்கடியில் கை நீட்டுகிறார்கள் என்று நானும்தான் பொரிந்து தள்ளினேன்.

அக்கா சும்மா இருக்கவில்லை. ஐந்து பேட்டிகள், எந்தெந்த இடத்தில் குறுக்குக் கேள்வி கேட்கப்படவில்லை, கவர் சமாச்சாரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடித்து ஆசிரியரிடம் கொடுத்தார். ஆசிரியர் அதைப் படித்து இழுவறையில் வைத்துக்கொண்டார். இந்த மாத அட்டைப்படப் பேட்டி முடியட்டும், அதோடு அவரை அனுப்பிவிடலாம் என்றார். முப்பது வருஷம் உழைத்த ஆள். வீட்டில் படுத்த படுக்கையாக மனைவி. அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. ஆனாலும் தாளைத் திரும்பக் கேட்கவில்லை.

அட்டைப்படப் பேட்டி ஒரு மூத்த நடிகருடையது. ஏழு வருஷமாக யாருக்கும் பேட்டி கொடுக்காதவர், குறுக்கு சார் கேட்டார் என்பதற்காகவே ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை பதிவு வந்தது. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார், காதில் என்று சொல்வதுதான் பொருத்தம். பதினொரு கேள்வி வரை உப்புச்சப்பில்லாமல் போனது. பிறகு சட்டென்று ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். முகம் வெளிறியிருந்தது.

அந்த நடிகர் குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகச் சொல்கிறார்: "இதோட நடிப்பை நிறுத்திக்கறேன். என் பையன்கிட்டகூட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

நாலு விநாடி அமைதி. காகிதம் புரளும் சத்தம். பிறகு குறுக்கு சாரின் குரல், உற்சாகமாக: "அடுத்த படம் எப்போ ஆரம்பம்?"

நடிகர் மெல்லச் சிரித்தார். பிறகு பேச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். வருஷத்தின் மிகப் பெரிய சினிமாச் செய்தி அது. காசு வாங்கிய நிருபர்கூட அதை விட மாட்டான். விற்றுப்போனவனுக்கும் அது தங்கச் சுரங்கம். அதைத் தாண்டிப் போகிறார் என்றால் ஒரே காரணம்தான் இருக்க முடியும்.

அக்கா எழுந்து போனார். ஜன்னலோரம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார் குறுக்கு சார். இரண்டடி பின்னால் நின்று, "சார், உங்க போன் அடிக்குது" என்றார் அக்கா. அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னார். பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து பழைய பதிவுகளைத் தேடினார். கவர் பேட்டியின் கடைசி நிமிடம். யாரோ பின்னாலேயே ஓடிவருகிறார்கள்: 'சார், கவரை மறந்துட்டீங்களே, சார்!' காலடிச் சத்தம் நிற்காமல் வாசலைத் தாண்டிப் போகிறது. அன்றைக்கும் அக்கா அதைக் கேட்டிருக்கிறார். நல்லா நடிக்கறார் என்று நினைத்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது, நானும்தானே பொரிந்து தள்ளியிருக்கிறேன்.

பிறகு அக்கா ஒரு காரியம் செய்தார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு இருமலைக்கூட மாற்றி அடிக்காதவர், பன்னிரண்டாவது கேள்வியை அழித்தார். அந்த இடத்தில், 'இந்த முடிவுக்கு என்ன காரணம்?' என்று அடித்தார். நடிகர் பிறகு வயதைப் பற்றிப் பொதுவாகச் சொன்னது அதற்குப் பதில் போல உட்கார்ந்துகொண்டது. ஆசிரியர் கண்ணில் இது பட்டால் சாரை அனுப்ப மாட்டார் என்றார். நானும் அதை அப்படியே பக்கத்தில் ஏற்றினேன்.

முன்னுரை எழுதுவதற்காகப் பக்கங்கள் குறுக்கு சாரிடம் போயின. அரைமணி நேரத்தில் அவற்றையும் தன் கேள்வித்தாளையும் எடுத்துக்கொண்டு அக்காவின் மேஜைக்கு வந்தார். நடிகர் நடிப்பை நிறுத்துகிற செய்தியை எழுத்தில் பார்த்துத்தான் அவரே தெரிந்துகொண்டிருக்கிறார்.

"பன்னெண்டாவது கேள்வி நான் கேட்டதில்லம்மா."

"டேப்ல இருக்கு சார்."

அவர் அக்காவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்காது. அவர் சொன்னது என் காதுல விழுந்திருந்தா, இதைவிட நல்லாக் கேட்டிருப்பேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, மிகச் சின்னக் குரலில், ஆசிரியரிடம் கொடுத்த அந்தத் தாளைப் பற்றிச் சொன்னார். எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள், கொஞ்சம் நிமிர்ந்து சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்.

அக்கா எழுந்து நின்றார்.

"நீங்க கவர் வாங்கறீங்கன்னு எடிட்டர்கிட்ட நான்தான் எழுதிக் குடுத்தேன் சார்!"

மூன்று வரிசை மேஜைகளும் திரும்பிப் பார்த்தன. ஆசிரியர் தன் அறையிலிருந்து வெளியே வந்து வாசலில் நின்றார். குறுக்கு சாருக்கு அவர் வந்ததும் தெரியாது. சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். எட்டு மாதமாக எந்தப் பதிவிலும் இல்லாத அந்தப் பழைய குரலில் கேட்டார்:

"நேர்ல பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா நினைச்சுக்கிட்டேன்."

"அப்போ அது செய்தி இல்ல. எடுத்துடுங்க. இந்தக் கேள்வியையும் எடுத்துடுங்க. நான் கேட்டதையே போடுங்க. என் காது போயிடுச்சுன்னு முன்னுரையில நானே எழுதிக்கறேன்."

பக்கங்களை மேஜையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். ஆசிரியர் உள்ளே போய், இழுவறையிலிருந்த தாளைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதிவில் இருந்தபடியே அடித்தார்: 'அடுத்த படம் எப்போ ஆரம்பம்?'