ஜெபமணிக்கு வந்த தலைக்கனம்

நெய்யூர்ப் பக்கத்து ஜெபமணிக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், சமையல். பட்டாளத்தில் சேர்ந்தும் அதையே செய்தார். கைப்பக்குவம் உள்ள மனிதர். பேனா பிடித்தால்தான் ஏதாவது கூடக்குறையப் போய்விடும். அது அவர் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

1949-இல் நேசம்மாளை அவருக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். லீவு கிடைத்ததும் கல்யாணம். அதற்குள் காஷ்மீரில் பத்தாயிரம் அடிக்கு மேலே ஒரு பனிமலை முகாமுக்கு அவரை அனுப்பிவிட்டார்கள். போன மறுநாளே மண்டையைப் பிளக்கிற வலி. அந்த வலியோடு உட்கார்ந்து, மாமனாராகப் போகிற யேசுரத்தினத்துக்குக் கடிதம் எழுதினார்.

யேசுரத்தினம் சபையில் மூப்பர். பெருமையடிக்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டார் கேட்க வாசித்தார்.

"என்னை மேலே அனுப்பிவிட்டார்கள். வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது. மேலே வருகிற எல்லாருக்கும் வருமாம், அதிகாரிமாருக்கும் உண்டு. கீழே இறங்கினால்தான் போகுமாம். நான் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்."

அதற்குமேல் வாசிக்க அவருக்குப் பொறுமை இல்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள் என்றார். கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு, சம்பந்தம் வேண்டாம் என்று எழுதத் தாளும் எடுத்துவிட்டார்.

நேசம்மாள் அதை நம்பவில்லை. பெண் பார்க்க வந்த அன்று, சாப்பிட்ட இலையைத் தானே எடுத்துப் போட்டவருக்கா தலைக்கனம்? கடிதத்தை எடுத்து மறுபக்கம் திருப்பினாள். நான் இறங்கினால் பனியில் நிற்கிற பிள்ளைகளுக்கு யார் சோறு பொங்குவது என்று எழுதியிருந்தார். சுக்கு அரைத்து நெற்றியில் பத்துப் போட்டதும் கொஞ்சம் குறைகிறதாம்.

அதை அப்படியே அப்பாவிடம் நீட்டினாள். "அப்பா, பெருமைக்கு ஆராவது சுக்குப் பத்து போடுவாவளா?"

யேசுரத்தினம் இரண்டு தடவை வாசித்தார். காது சிவந்துவிட்டது. பிறகு எடுத்த தாளை வீணாக்காமல், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதி, கூடவே ஒரு பொட்டலம் சுக்கும் அனுப்பினார்.

மறுவருஷம் கல்யாணம் நடந்தது. எல்லாரும் போன பிறகு நேசம்மாள் கணவரிடம் முதன்முதலாகக் கேட்டது இதுதான்: "இப்பமும் தலைக்கனம் உண்டுமா?"

ஜெபமணி சிரித்தார். "அதுக்குத்தானே எறங்கி வந்தேன்."